ஒரு சிட்டிகை மக்னீசியா

1

இந்தக் கதை மாங்குளத்தில் பஸ் ஏறிய ஒரு தகரப் பேணியிலிருந்து பிறந்தது. பேணியை மடியில் வைத்திருந்த பெண்ணிடம், "அரிசிமாவோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"அலுமினாத் தூள், அன்ரி. வில்லையா அமத்தி, உலையில சுட்டுப் பீங்கான் ஆக்கிறனாங்கள்."

கிளிநொச்சி வரும்வரை அவள் ஆராய்ச்சியைச் சொன்னாள். நான் தலையாட்டியபடி அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். குடும்ப நாவல் எழுதும் கை சும்மா இருக்குமா?

2

"சிவதர்சினியின் கூந்தலில் மாலை வெயில்..."

வேண்டாம். ஆய்வுகூடத்தில் கூந்தலை இறுக்கி முடிந்திருப்பாள்.

"உலையைப் போலவே அவள் உள்ளமும்..."

இதையும் விடுகிறேன். நேராகவே சொல்கிறேன். அவளுக்குச் சிவதர்சினி என்று பெயர் வைத்தேன். அதே ஆய்வுகூடத்தில் பிரதாபனையும் கொண்டுவந்து வைத்தேன். அவளுக்கு அவனைப் பிடிக்கும். அவனுக்கோ அவுஸ்திரேலியாவில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கலியாணம் கட்டி அவளையும் கூட்டிக்கொண்டு தையில் பறக்க ஆசை. போனால் அவளுடைய ஆராய்ச்சி பாதியில் நிற்கும்.

3

வில்லை நன்றாக இறுக அலுமினாத் தூளில் எதைக் கலப்பது என்று சிவதர்சினி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"டைட்டானியா போடும்," என்றான் பிரதாபன். "குறைஞ்ச சூட்டிலயே கெதியா இறுகும்."

"உமக்கு எல்லாம் கெதியா நடக்கோணும்! தூளில இருக்கிற மணியள் ஊதிப் பெருத்திடும். ஒண்டு பக்கத்தில இருக்கிறதை விழுங்கும். காத்துத் துளையள் உள்ளுக்குள்ளயே அகப்பட்டுப் போகும்."

"மக்னீசியா?"

"கொஞ்சம் போதும். ஒண்டை ஒண்டு விழுங்க விடாது. துளையும் வெளியேறும், வில்லையும் நல்லா இறுகும்."*

"அப்ப எங்கட கலியாணத்துக்கும் ஒரு சிட்டிகை போடுவம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டாள்: "வேலையை விட்டிட்டு நான் உம்மோட வந்தால், ஆர் ஆரை விழுங்கினது, பிரதாபன்?"

(இந்த உவமை என்னுடையதல்ல. மக்னீசியாவை ஒரு பெரியம்மாவாக்கி, இருவருக்கும் நடுவில் சமாதானம் பேசவைக்க நினைத்திருந்தேன். சிவதர்சினி இடம் தரவில்லை.)

* விஞ்ஞானம் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். அலுமினாவுக்கு உதவும் சேர்க்கை இன்னொரு தூளுக்கு உதவாமல் போகலாம். மாப்பிள்ளைமாரும் அப்படித்தான். ஆனால் அதை விரித்து எழுதினால் என் வீட்டில் பிரச்சினை.

4

முடிவு ஒன்று: அழுகை, தாலி, விமானம். பதிப்பாளர் மகிழ்வார். அவள்?

முடிவு இரண்டு: பிரதாபன் பயணத்தை நிறுத்துகிறான். நீங்கள் கைதட்டுவீர்கள், நானும் தட்டியிருப்பேன். ஆனால் இப்போது விழுங்கப்படுவது அவனல்லவா?

முடிவு மூன்றை நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பிரதாபன் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இவ்வளவு நாளும் என்ர திகதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான். உம்மட வேலை முடிய எவ்வளவு காலம் வேணும் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன், சொல்லும்."

நான் உண்டாக்கிய மாப்பிள்ளைமாரில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. ஆகவே பதில் எழுதி எனக்குப் பழக்கமும் இல்லை. சிவதர்சினி அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். சொல்லத்தான் போகிறாள். நான் எழும்பி வெளியே போகிறேன். நீங்கள் இருந்து கேளுங்கள். ஒன்று மட்டும்: அவளை அவசரப்படுத்த வேண்டாம்.