நானாவின் வாய்

டாக்சி முழுதாக நிற்பதற்குள் அமோவாக்கோ கதவைத் திறந்துவிட்டார். ஒரு கையில் தங்க முலாம் போட்ட கோல். இன்னொரு கையில் கறுப்புத் துணிப்பை.

"பெரியவரே, விழுந்து கிழுந்து வைக்காதீங்க! கோலோட விழுந்தா ஊரே என்னைத்தான் உதைக்கும்" என்று டிரைவர் கத்தினான். "ரேடியோவுக்கா? அந்த சனிக்கிழமை புரோகிராமா? போன வாரம் தக்காளி வித்து லாரி வாங்கின அம்மா பேசுச்சே, அதைக் கேட்டதுல இருந்து என் பொண்டாட்டி 'நீ எப்ப வாங்கப்போறே'ன்னு உயிரை எடுக்கறா."

அமோவாக்கோ ஒரு நோட்டை நீட்டினார். மீதி வாங்காமல் படியேறினார்.

சட்டைப் பையில் செல்போன் துடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாடியில் எடுத்தார். ஒபிரி. நானாவின் சகோதரி மகன்.

"கோல்கார ஐயா, பை உங்ககிட்டயா இருக்கு?"

"இருக்கு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? பெரியவங்க எல்லாம் வந்து உட்கார்ந்தாச்சு. அது வராம கூட்டத்தை ஆரம்பிக்க முடியாது. வழக்கம் தெரியாத ஆளா நீங்க?"

"தெரியும். அதனாலதான் எடுத்தேன்."

துண்டித்தார். தன் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. காலையிலிருந்து எல்லாமே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கானா நாட்டின் குமாசியில் அந்தக் கோலைப் பார்த்தால் சின்னக் குழந்தையும் சொல்லும், இவர் ஒரு தலைவரின் வாய் என்று. சபையில் தலைவர் உரக்கப் பேசமாட்டார். மெல்லச் சொல்வார். கோல் பிடித்தவர் அதை ஊருக்குச் சொல்வார். பழைய லாரி இரும்பில் பஸ் கட்டிப் பெரிய ஆளான ஃப்ரிம்பாங்கைச் சொந்த ஊர் கூப்பிட்டுத் தலைவர் பட்டம் கட்டி 'நானா' என்று அழைக்கத் தொடங்கியபோது, அவர் கேட்டது ஒன்றுதான். "என் வாயா அமோவாக்கோ இருக்கட்டும். நான் பேசினா வாயில இருந்து பாதி வண்டிப்புகைதான் வரும்."

நேற்று மாலை நானா சொன்னார். "நாளைக்கு ரேடியோவுல சொல்லிடு. பழைய பட்டறை, கத்துக்க வர்ற பிள்ளைங்களுக்கு. யாரும் எதுவும் கட்ட வேண்டாம். சும்மா கத்துக்கட்டும். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

பட்டறை மெயின்ரோட்டில் இருந்தது. ஒபிரி ஏற்கெனவே பெட்ரோல் பங்க் கம்பெனியோடு விலை பேசிவிட்டான். அசாந்தி வழக்கப்படி மாமன் சொத்து மருமகனுக்கு. ஆனால் கோல் பிடித்தவர் ஊரறியச் சொன்ன வாக்கை எந்தக் குடும்பமும் திருப்பி வாங்க முடியாது. இன்று கூட்டம் தொடங்கினால் கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். அப்புறம் அவர் சொல்வது ஒரு கிழவன் சொல். பட்டறை போச்சு.

ஸ்டூடியோவில் போக்குவா வறுத்த வாழைக்காய்ச் சிப்ஸை மென்றபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நடத்துபவள் அவள்தான்.

"நானா எங்கே ஐயா?"

"வீட்டுக்குள்ள இருக்கார்."

"வர்றேன்னு சொன்னாரே! ஒரு வாரமா விளம்பரம் போட்டுத் தொண்டை வத்திப்போச்சு. இப்ப ஆளைக் காணோம், வாய் மட்டும் வந்திருக்கு."

"ரேடியோவுக்கு வாய்தானே வேணும்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தான் சொன்னது நகைச்சுவை என்பது அமோவாக்கோவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

டீ கொடுத்தார்கள். ஆவி பறந்தது. அப்படியே குடித்தார். "ஐயய்யோ, சுடுதே!" என்றாள் போக்குவா. அவருக்குச் சுடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நானா சொல்கிறார்," என்று ஆரம்பித்தார். "நான் ஒன்பது வருஷம் எடுபிடியா இருந்தேன். மூணு வருஷத்துல தொழில் கத்துக்கிட்டேன். ஆனா மாஸ்டருக்கு மதுவும் காணிக்கையும் வச்சாத்தான் தலையில பவுடர் கொட்டி, 'நீ இனிமே தொழிலாளி'ன்னு அனுப்புவாங்க. வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. கூட இருந்தவன் எல்லாம் வெள்ளை வெளேர்னு வெளியே போனான். கொட்டின பவுடரைப் பெருக்கினது நான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"ஞாயித்துக்கிழமைகள்ல, எரிஞ்சுபோன ஒரு லாரியை வச்சு பஸ் கட்டினேன். மாஸ்டர் பார்த்துச் சிரிச்சார். 'இதுல கோழிகூட ஏறாது'ன்னார். அது ஒருநாள் ஆளுங்களை ஏத்திக்கிட்டு அவர் வாசல் வழியா போச்சு. அன்னைக்கு அவரே டப்பாவைத் திறந்து என் தலையில கொட்டினார். அப்படியே வீட்டுக்குப் போனேன். அம்மா பேய்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டா."

போக்குவா வாயைப் பொத்திக்கொண்டாள். அமோவாக்கோ இந்தக் கதையை எத்தனையோ சபையில் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் எப்போதும் பக்கத்து நாற்காலியிலிருந்து நானாவின் சிரிப்பு வரும். அவர் பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினார். ஒன்றும் வரவில்லை. தொடர்ந்தார்.

நேயர் அழைப்பு வந்தது. டெச்சிமான் என்ற ஊரிலிருந்து வெல்டிங் கற்கும் ஒரு பெண்.

"நாலு வருஷமாச்சுங்க. மாஸ்டர் விடமாட்டேங்கறார். நானா மாதிரி பெரிய மனுஷங்க கதையெல்லாம் கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. கேட்டு முடிச்சா நான் திரும்ப விளக்குமாறுதான் எடுக்கணும்."

சட்டைப் பையில் செல்போன் துடித்தது. ஒபிரி. மறுபடி ஒபிரி.

அமோவாக்கோ கோலை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். ரேடியோவில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

"நானா சொல்கிறார். என் பழைய பட்டறை இன்றிலிருந்து தொழில் கற்க வருகிறவர்களுக்குச் சொந்தம். காணிக்கை கிடையாது. மது கிடையாது. முடித்தவர்களுக்குப் பவுடர் பட்டறைச் செலவு. இது நானாவின் வாக்கு. ஊர் கேட்டுக்கொள்ளட்டும்."

அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். அழுகை முந்திக்கொண்டது. செல்போன் சட்டென்று அடங்கியது. ஒபிரியும் கேட்டிருப்பான்.

விளக்கு அணைந்தது.

"ஐயா, நிஜமா நானாவே சொன்னதுதானே?" என்றாள் போக்குவா. "திங்கட்கிழமை வந்து 'நான் எங்க சொன்னேன்'னு கேட்டுட மாட்டாரே? என் வேலை போயிடும்."

"கேக்க மாட்டார்."

அவர் எழுந்தார். மடியில் பை இருந்ததே நினைவில்லை. அது கீழே விழுந்து வாய் திறந்துகொண்டது. போக்குவா குனிந்தாள். எடுக்கப்போன கை பாதியில் நின்றது.

பொன் முடிச்சு வைத்த பெரிய கறுப்புச் செருப்புகள். தலைவர் செருப்பு.

அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். தலைவரின் வெறுங்கால் மண்ணில் படக்கூடாது. அவர் இல்லாமல் அந்தச் செருப்பு மட்டும் வீட்டைவிட்டு வெளியே போகாது. குடும்பத்துப் பெரியவர்கள் முன்னால் அதை வைத்த பிறகுதான் சேதியை ஊருக்குச் சொல்வார்கள். அதுவரை கோல் பிடித்தவர் சொல் தலைவர் சொல்தான்.

மெல்ல நிமிர்ந்தாள். "எப்போ?"

அமோவாக்கோ பையை வாங்கி வாயை இறுக்கிக் கட்டினார். கோலை மேஜைமேல் படுக்கவைத்தார். இனி அதைப் பிடிக்க வேண்டியதில்லை.

"விடியக்காலையில மூச்சு நின்னுது" என்றார். "செருப்பைக் கழட்டினது நான்தான்."