வினோலியாவின் குதிகால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் வலது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் சுரீரென்றது. வினோலியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தடி நடந்ததும் வலி மட்டுப்பட்டது. சரியாகிவிட்டது என்று ஷூவை மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஓடப் போனாள். மூன்று வாரம் இப்படியே போனது.

நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவள் அவள். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கூட வேலை பார்க்கும் ஜெய்தூன் பீவிதான் அவளை மைதானத்துக்கு இழுத்துப் போனது. இரண்டு வருடத்தில் ஏழு கிலோமீட்டர் ஓடுகிறவளாகிவிட்டாள். ஜனவரியில் சின்னாளப்பட்டி வரை நடக்கவிருந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள்.

டிசம்பரில் ஒருநாள் இரண்டாவது சுற்றிலேயே நொண்டினாள்.

"போதும்க்கா. இன்னிக்கே காட்டுவோம்" என்றாள் ஜெய்தூன்.

பிசியோதெரபி பார்க்கும் பொன்னழகு, குதிகாலை அழுத்திப் பார்த்தாள். வினோலியா துள்ளினாள்.

"ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் நிப்பீங்க?"

"பத்து மணி நேரம் வரும். கடைக்குள்ள வெறுங்காலு."

"ஓட்டம் மட்டும் காரணமில்லக்கா. உள்ளங்கால்ல இருக்குற தசைநார் நோகுது. கெண்டைக்கால நீட்டி மடக்குங்க, ஐஸ் பாட்டில கால்ல உருட்டுங்க. ஆறு வாரம் ஓடவேணாம். கடையில மெத்துன்னு செருப்பு போடுங்க, அப்பப்ப உக்காருங்க."

"உக்காரவா? எங்க கடையிலயா?" வினோலியாவுக்குச் சிரிப்பு வந்தது.

சேலைப் பிரிவில் பன்னிரண்டு பெண்கள். ஒருவருக்கும் நாற்காலி கிடையாது. இரண்டு நாள் தயங்கிவிட்டு, ஜெய்தூனோடு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"கஸ்டமர் வாரப்ப உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அவர்.

"வந்தா எந்திரிச்சுருவோம் முதலாளி. ஆளில்லாத நேரத்துலதான். உக்கார வசதி குடுக்கணும்னு சட்டமும் இருக்கு."

வினோலியாதான் பேசினாள். சட்டத்தைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது. அவர், "செருப்ப வேணா போட்டுக்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை ஆறு ஸ்டூல்கள் வந்து இறங்கின. மத்தியானம் வரை யாரும் உட்காரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினோலியா முதலில் உட்கார்ந்தாள். அப்புறம் அதே பிரிவில் வேலை பார்க்கும் சுகன்யா உட்கார்ந்து, அலமாரிகளை அண்ணாந்து பார்த்தாள். "பதினோரு வருசத்துல இந்தக் கடைய உக்காந்து பாக்குறது இப்பத்தான்."

ஜனவரி ஓட்டத்துக்கு வினோலியா பஸ்ஸில் போனாள். ஜெய்தூன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கை தட்டினாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதைச் சொல்லியும்விட்டாள்.

"பொறாமப்படு, நல்லாப் படு" என்று சிரித்து மெடலை அவள் கழுத்தில் மாட்டினாள் ஜெய்தூன்.

பிப்ரவரியில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பித்தாள். பங்குனி வெயில் ஏறும்போது, ஊருக்கு வெளியே பூந்தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் நான்கு கிலோமீட்டர் நிற்காமல் ஓடினாள். மல்லிகை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேகம் முன்பைவிடக் குறைவுதான். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மூச்சு சீராக இருந்தது, நன்றாகப் பசித்தது.