எட்டுக்கு ஒரு மீன்

"அண்ணைக்கு என்ன விருப்பம் மச்சாள்? சொல்லுங்கோ, நாளைக்கு வரேக்கை வாங்கிக்கொண்டு வாறன்" என்று திராமன் நகரிலிருந்து உதயகுமாரி தொலைபேசியில் கேட்டபோது மனோகரி அதை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தாள்.

கேள்வி ஒன்றும் பெரியதல்ல. எட்டாம் நாளில் எட்டுப் படைப்பதென்றால் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும். அதுவரை மரக்கறியோடு கிடந்த வீட்டில் அன்றைக்கு மீனும் இறைச்சியும் வேகும். குடித்தவராக இருந்தால் ஒரு கிளாசில் குடியும் வைப்பார்கள். செத்தவருடைய மனைவியைத்தான் கேட்பார்கள். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கணவர் ஸ்ரீதரன் எதையும் விரும்பிச் சாப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. எதையும் வேண்டாம் என்று சொன்னதாகவும் நினைவில்லை. பஸ் ஓட்டிவிட்டு வருவார், கையைக் கழுவுவார், வைத்ததைச் சாப்பிடுவார், சாப்பிட்ட கோப்பையையும் தானே கழுவி வைப்பார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான். உப்பில்லை என்றுகூட ஒரு நாள் சொன்னதில்லை. அதை அவள் மற்றப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். இப்போது அந்தப் பெருமையே அவளைக் குத்தியது.

"பாரைமீன் குழம்பு" என்றாள் கடைசியில்.

"ஓம் ஓம், அண்ணைக்குப் பாரை எண்டா உயிர்" என்றாள் உதயகுமாரி. செத்தவரின் ஒரே தங்கை அவள். அவளுக்கும் தெரியவில்லை என்பது மனோகரிக்கு அந்த நொடியில் விளங்கியது. பாரை மனோகரிக்குத்தான் விருப்பம்.

அவர் போனதிலிருந்து வீடு தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. ஆட்கள் வந்து கதைத்தார்கள். அவர்களின் வாய் அசைந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. கதிரைகள் இருந்த இடத்திலேயே இருந்தாலும் சற்று மிதந்தன. அன்று பின்னேரமும் அப்படி ஒரு மிதப்பில் குளியலறைக்குப் போனவள், துவாய் கொழுவும் கம்பியில் அவருடைய மீன்பிடிச் சப்பாத்துகள் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டாள். பக்கத்தில் தூண்டில் தடி சாய்ந்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதற்காக அவரைப் பேசியிருக்கிறாள். மனுசர் துவாய் போடுகிற இடத்தில் குளத்துச் சப்பாத்தைக் காயப் போடுவார்களா?

அவர் தன் விருப்பத்தில் போன இடம் அந்த ஏரி ஒன்றுதான். ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் அவர்களின் மாடிக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்தே காடு தொடங்கிவிடும். அதற்குள் ஏறி நடந்தால் ஏரி வரும். முதல் தடவை அவர் புறப்பட்டபோது அவள் சொன்னாள்: "குளத்து மீன் மண் மணக்கும். அதை என்ரை சட்டிக்குள்ளை கொண்டு வராதேங்கோ." அவர் கொண்டு வரவேயில்லை. அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிடித்ததை என்ன செய்தார் என்று.

நகரின் மறுபக்கம் ஹவுகெட்டோவில் தனியாக இருந்த மகள் தர்மிகா, அப்பா போன நாளிலிருந்து அம்மாவோடுதான் தங்கியிருந்தாள். குசினியில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் போய் மனோகரி இருந்தாள்.

"சின்னனிலை அப்பாவோடை ஏரிக்குப் போறனீ எல்லோ. என்ன மீன் பிடிச்சவர்?"

"எல்லாந்தான். வரி மீன், புள்ளி மீன். அதுகளின்ரை நொர்ஸ்க் பேர் உங்களுக்குத் தெரியாது."

"அதிலை எது விருப்பம் அவருக்கு?"

தர்மிகா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "புள்ளி மீன் பிடிபட்டா கொஞ்ச நேரம் கதைக்கமாட்டார்."

"மற்ற நேரம் மட்டும் கதைச்சவரே?"

மகள் சிரித்தாள். இத்தனை நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "இது வேறை மாதிரி அம்மா. கோயிலுக்குள்ளை நிக்கிற மாதிரி."

மனோகரிக்கு அது போதும். ஒரு புள்ளி மீன். கடையில் உறைந்து கிடக்கும் பாரை அல்ல, அவர் கதைக்காமல் நின்று பார்த்த மீன். அதை இலையில் வைக்க முடிந்தால், கூட வாழ்ந்த மனுசரின் உள்ளிலிருந்து ஒன்றையாவது தான் தொட்டதாகும் என்று பட்டது. அது இல்லாமல் அந்த இலைக்கு முன்னால் போய் நிற்க அவளால் முடியாது.

"நாளைக்கு விடிய என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ."

"அம்மா, நீங்கள் முப்பத்தொரு நாள் முடியும் வரைக்கும் வாசல் தாண்டக்கூடாது எண்டு மாமி சொன்னவ. கண்டா என்னைத்தான் கிழிப்பா."

"உன்ரை மாமி மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவா."

தர்மிகா கைத்தொலைபேசியை எடுத்தாள். "அப்ப முதலிலை உங்களுக்கு ஃபிஸ்கெகூர்ட் எடுக்கவேணும். அனுமதிக் கூர்ட் இல்லாமல் தூண்டில் போடேலாது."

"அப்பாவின்ரை இருக்குத்தானே? வருசம் முழுக்க எண்டு சொன்னவர்."

"அது அப்பாவின்ரை பேரிலை. செத்தவரின்ரை பேரிலை மீன் பிடிக்கேலாது அம்மா."

"இந்த நாட்டிலை செத்தாலும் கூர்ட், இருந்தாலும் கூர்ட்" என்றாள் மனோகரி. ஆனால் திரையில் தன் பெயர் வந்தபோது உள்ளே எதுவோ மெல்ல அசைந்தது. மனோகரி ஸ்ரீதரன், ஏரியில் மீன் பிடிக்க அனுமதி உடையவர்.

மறுநாள் காலை காடு முழுக்கப் பனிப்புகை. பேர்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. இலைகள் விழுவது தெரியாமல் விழுந்துகொண்டிருந்தன. அவருடைய சப்பாத்து அவளுக்குப் பெரிது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கால் வழுக்கி முன்னால் போனது; பின்னாலிருந்து யாரோ மெதுவாகத் தள்ளுவது போலிருந்தது. புகைக்குள் மகளின் சிவப்புத் தொப்பி மட்டும் முன்னே மிதந்து போனது. ஏரி வந்ததே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு வெளி விரிந்து கிடந்தது, அதற்குக் கரை இருந்தது, அவ்வளவுதான்.

கரையில் ஒரு பலகை நின்றது. தர்மிகா அதற்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன, அறிவித்தல் வாசிக்கவே வந்தனாங்கள்?"

"அப்பா ஒவ்வொரு முறையும் இதை முழுசா வாசிச்சுப்போட்டுத்தான் தூண்டில் போடுவார். தெரிஞ்சதைத்தான். பிறகும் வாசிப்பார்." அவள் விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். வரி மீன் எந்த அளவிலும் பிடிக்கலாம், எந்த மாதத்திலும் பிடிக்கலாம். பல்லுப் பெரிய நீட்டு மீனைப் பிடித்தால் வேறு தண்ணியில் கொண்டுபோய் விடக்கூடாது. உயிரோடு இருக்கிற மீனை இரையாகக் கொழுவக்கூடாது. வேறு ஏரியில் நனைந்த தடியையும் சப்பாத்தையும் நன்றாகக் காயவைக்காமல் இங்கே கொண்டுவரக்கூடாது, நோய் பரவும்.

மனோகரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். துவாய்க் கம்பி நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதுக்காகத்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. அவள்தான் கேட்கிற மாதிரிக் கேட்டாளா?

"புள்ளி மீன்?"

"சாணுக்குச் சின்னன் எண்டா திருப்பி விடவேணும்." தர்மிகாவின் விரல் கீழே இறங்கி நின்றது. "அய்யோ அம்மா. புரட்டாதி நடுவிலை... இல்லை, செப்டம்பர் நடுவிலை இருந்து புள்ளி மீன் ஃப்ரேடெட். தொடக்கூடாது. அது சினை விடுற காலம். மறந்துபோனன்."

"எப்ப தொடங்கினது?"

"இந்தக் கிழமைதான்."

எட்டை எண்ணுவதில் வந்த இழுபறி மனோகரிக்கு நினைவு வந்தது. இங்கே எரிப்பதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. செத்த நாளிலிருந்து எண்ணினால் உடல் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும்போதே எட்டு வந்துவிடும். அது எப்படி என்று ஆளுக்கு ஆள் கதைத்தார்கள். கடைசியில், ஒஸ்லோவில் எல்லார் வீட்டுக் கிரியைக்கும் முன்னுக்கு நிற்கும் அரசரத்தினம்தான், எரித்த நாளிலிருந்து எண்ணுங்கள் என்று முடித்து வைத்தார்.

"செத்த நாளிலை இருந்து எண்ணியிருந்தா புள்ளி மீன் பிடிச்சிருக்கலாம்" என்றாள்.

"அரசரத்தினம் மாமா மீனைக் கேக்காமல் எண்ணிப்போட்டார்" என்றாள் தர்மிகா.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் புகை இன்னும் கிட்ட வந்து நின்றது.

"வரி மீனைப் பிடிப்பம்" என்று மகள் புழுவைக் கொழுவித் தடியை அவள் கையில் தந்தாள். தூண்டில் மிதப்பு தண்ணீரில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறொன்றும் செய்வதற்கில்லை என்பதே ஒரு சுகமாக இருந்தது. தன் கால், கை, பெயர், வீட்டில் வந்து போகும் ஆட்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று புகையில் போயின. மிதப்பு ஒன்றுதான் மிச்சம். அவர் இங்கே வந்து செய்தது இதுதானா? தன்னை விட்டு ஓடி வருகிறார் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். இங்கே நின்று பார்த்தால் அவளை விட்டல்ல, தன்னை விட்டே கொஞ்சம் விலகி நிற்க வந்திருக்கிறார் போலிருந்தது.

மிதப்பு காணாமல் போயிற்று.

"சுத்துங்கோ அம்மா! மெல்ல, மெல்ல!"

தடி வளைந்து துடித்தது. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. அவள் பயந்து போய் இழுத்தாள். தர்மிகா கைவலையைத் தண்ணீருக்குள் வைத்து ஏந்தினாள்.

பொன் நிறம். பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வட்டம். வயிறு உப்பியிருந்தது. சாணைவிட எவ்வளவோ பெரிது. செவுள் திறந்து திறந்து மூடியது.

இரண்டு பேரும் கதைக்கவில்லை.

"இதுதானே?" என்றாள் மனோகரி பிறகு.

"ஓம்."

"அவராத்தான் அனுப்பியிருக்கிறார்."

"அம்மா."

"ஒருத்தரும் பாக்கேல்லை பிள்ளை."

"நான் பாக்கிறன்."

மனோகரிக்குக் கோபம் பொங்கியது. "எனக்கு வேறை என்ன இருக்கு வைக்கிறதுக்கு? சொல்லு. உன்ரை கொப்பருக்கு என்ன விருப்பம் எண்டு கேக்கினம், எனக்கு வாய் திறக்கேலாமல் கிடக்கு. ஒரு மீன். ஒண்டே ஒண்டு."

தர்மிகா வலையைத் தண்ணீரை விட்டுத் தூக்கவில்லை. "வைக்கிறதெண்டா வையுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள். பிறகு, மீனைப் பார்த்துக்கொண்டே, "சின்னனிலை நான் கேட்டனான், ஏன் அப்பா இந்தப் பலகையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீங்கள் எண்டு. 'சின்னனுகளை விடச் சொல்லி எழுதி வைச்சிருக்கிறாங்கள் பிள்ளை. எங்கை இப்பிடி எழுதுவாங்கள்' எண்டவர். எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை."

மனோகரிக்கு விளங்கியது. ஊரில் பதினாறு வயதில், சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், அவர் வீடு வீடாக ஒளித்துத் திரிந்தவர். கலியாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் அதற்கு என்ன சொன்னாள் என்பது இப்போது நினைவில் இல்லை. உலை கொதிக்கிறது என்று எழும்பிப் போயிருப்பாள்.

கையை நனைத்துக்கொண்டு வலைக்குள் விட்டாள். மீன் குளிர்ந்து, இறுகி, உயிரோடு இருந்தது. உப்பிய வயிறு உள்ளங்கையில் முட்டியது. இதைப் பொரித்து இலையில் வைத்தால் அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே வேண்டியிருக்கவில்லை, முகம் அப்படியே தெரிந்தது. ஒன்றும் சொல்லமாட்டார். விரலால் மெதுவாக இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுவார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாவிட்டாலும், இது பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்திருந்தது.

தர்மிகா தூண்டில் முள்ளைக் கழற்றினாள். மனோகரி கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரலை விரித்தாள். மீன் உடனே போகவில்லை. உள்ளங்கையில் சாய்ந்து, இரண்டு மூன்று தரம் மூச்செடுத்து நின்றது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு வரி மீன்கள் வந்தன. கறுப்புக் கோடும் சிவப்புச் செட்டையுமாக, வீம்பு பிடித்தவை, ஒன்றன்பின் ஒன்றாக. புகை விலகி மறுகரை தெரியும்வரை பிடித்தார்கள்.

உதயகுமாரி வந்தபோது குசினியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பாரைக் குழம்பை அவளே வைத்தாள். சட்டிக்குள் கிடந்த சின்ன மீன்களைக் கண்டு மூக்கைச் சுளித்தாள்.

"இதென்ன மச்சாள், பூனைக்கோ?"

"இல்லை, உங்கடை அண்ணைக்கு."

"எங்காலை இது? அய்யோ, நீங்கள் வெளியிலை போனனீங்களே? செத்தவீட்டுத் துடக்கோடை?"

"ஓம், போனனான். தர்மிகாவைப் பேசாதேங்கோ, நான்தான் இழுத்துக்கொண்டு போனனான்."

அந்திபட அரசரத்தினம் வந்தார். வாழையிலை விரித்தார்கள். சோறு, பாரைக் குழம்பு, இறைச்சிக் கறி, முட்டை, பலகாரம், சிறிய கிளாசில் சாராயம். எல்லாவற்றுக்கும் நடுவில் மனோகரி உப்பும் தேசிக்காய்ப் புளியும் மட்டும் போட்டுப் பொரித்த வரி மீன்களைத் தன் கையால் வைத்தாள்.

அரசரத்தினம் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "இது ஸ்ரீதரனுக்கு விருப்பமான மீனோ தங்கச்சி?"

முன்னறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும்.

"தெரியாது அண்ணை" என்றாள் மனோகரி. "நான் ஒருநாளும் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் கேக்கிறன்."

உதயகுமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசரத்தினம் கர்ப்பூரத்தைக் கொளுத்திவிட்டு, வழக்கப்படி எல்லாரையும் வெளியே வரச்சொன்னார். செத்தவர் வந்து சாப்பிடும்போது ஆட்கள் நிற்கக்கூடாது. கதவைச் சாத்தினார்கள்.

நடைபாதையில் உறவுக்காரர் தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்கள். மனோகரி மட்டும் கதவோடு காதை வைத்து நின்றாள். உள்ளே சத்தமில்லை. அவர் சாப்பிடும்போது எப்போதுமே சத்தமிருந்ததில்லை. அவள் அவசரப்படவில்லை.