சாமான் அறை

"கட்டிலை எடுத்துடு. கோர்ட்டு ஆள் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க," என்றார் அப்பா. அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கட்டிலின் காலைப் பார்த்துச் சொன்னார்.

அத்தை உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினார். "தையல் மெஷின்?"

"அதுவும்தான்."

"அப்ப நான்?"

அப்பா கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார்.

கணவரை இழந்து அத்தை எங்களோடு தங்க வந்தபோது முன்னறையில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. கல்யாணத்துக்கு நான் இருக்கிறேனே, சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் முதலில் ஒரு விதவை படலாமா என்பது அம்மாவின் கவலை. அப்பா மறுத்துப் பேசவில்லை. வீட்டின் பின்சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில், அனுமதி வாங்காமல் ஓர் அறை எழுப்பினார். பாதிச் செங்கலைச் சுமந்தது அத்தைதான். தன் சமையலறைக்கு வெளிச்சம் போய்விட்டதென்று பக்கத்து வீட்டு வாத்தியார் வழக்குப் போட்டார்.

எங்கள் வக்கீல் வழி சொன்னார். "ஆள் குடியிருக்கற ரூம்னா இடிக்கத்தான் சொல்வாங்க. சாமான் போடற கொட்டகைன்னா உயரத்தைக் குறைக்கச் சொல்லி விட்டுடுவாங்க. அங்க யாரும் இல்லன்னு எழுதிக் குடுங்க."

அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார்.

நீதிமன்றம் அனுப்பிய பெண் வக்கீல் அளக்கும் டேப்போடு வந்தார். உள்ளே உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் அவசரமாக அடுக்கப்பட்டிருந்தன. தரையில் கட்டில் கால்களின் தடம் அழியவில்லை. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, குழாயடியில் நின்ற அத்தையைக் காட்டினார். "இவங்க?"

"தங்கச்சி," என்றார் அப்பா. "வீட்டுக்குள்ளதான் இருக்கா. எங்களோட."

மதிலுக்கு அப்பால் வாத்தியார் நின்றிருந்தார். நாள்தோறும் மெஷின் சத்தம் கேட்கிறவர். அத்தையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "உயரம் குறைஞ்சா எனக்குப் போதும்."

தீர்ப்பும் அப்படியே வந்தது. கூரையைத் தாழ்த்த வேண்டும். அந்த அறையில் எக்காலத்திலும் எவரும் வசிக்கக் கூடாது, வசித்தால் இடிக்கப்படும். இரு தரப்பும் சம்மதித்துக் கைகுலுக்கின.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். "யாரு வந்து பாக்கப் போறா? எப்பவும்போல அங்கயே படுத்துக்கோம்மா."

"வீட்டுக்குள்ளதான் இருக்கான்னு சொன்னது நீங்கதானே அண்ணா? கோர்ட்டு ஆள்கிட்ட சொன்ன வார்த்தை பொய்யாகலாமா?"

அத்தை கட்டிலைத் தானே முன்னறைக்கு இழுக்கத் தொடங்கினார். அம்மா பதறினார். "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க!"

"வரட்டும் அண்ணி. ரவிக்கை தைக்கணும்னா அளவெடுத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. போய் மறுமுனையைத் தூக்கினார். இந்த முறையும் கட்டிலின் காலைத்தான் பார்த்தார்.

மறுநாள் வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது, வாசலைப் பார்த்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அத்தைதான்.

இப்போது அத்தை உயிரோடு இல்லை. கட்டில் இன்னும் முன்னறையில்தான் கிடக்கிறது. வீட்டில் எத்தனை பேர் வந்து நிறைந்தாலும், அப்பா நின்றுகொண்டே இருப்பார். அதில் உட்காருவதில்லை.