வீங்கிய லேப்டாப்

ஏஜென்சிக்காரர்கள் மகளுக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது. மூன்று மாதம் வீட்டில் குந்தி, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்து டைப் அடித்த கூலி. அவர்கள் கொடுத்த லேப்டாப்பை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கே பணம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்குள் அப்பா அந்தப் பணத்தை மனசுக்குள் செலவழித்தும் விட்டார். மாதக் கடைசிக்குள் வாடகை பாக்கியை வைக்காவிட்டால் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிடுவார்.

கடைசி வாரத்தில்தான் கோளாறு. விரல் படாமலே அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் திரையில் ஓடியது. ரிப்பேர் கடைக்காரர் டச்பேடை அணைத்து, ஒரு மவுஸைக் கையில் கொடுத்தார். விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும் என்று அப்பா கடைக்குள் போகவில்லை.

"என்னம்மா சொன்னான்?"

"பேட்டரி வீங்கி, கீழேருந்து டச்பேடை முட்டுதாம். புதுசு நாலாயிரம்."

"நாலாயிரமா? அந்தக் காசுக்கு எனக்கே புது முதுகு கிடைக்கும்."

"கிண்டல் இருக்கட்டும். பிரிக்கிறேன்னு கை வச்சிடாதீங்கப்பா."

மவுஸை வைத்தே மகள் வேலையை முடித்தாள். திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் லேப்டாப்பைத் துடைத்து மேசைமேல் வைத்தால், அது ஆடியது. டச்பேடு இருந்த இடம் மேடு தட்டியிருந்தது.

"இதையே சாக்கா வச்சுப் பணத்தைப் பிடிச்சுக்குவாங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடுமுன் பலகை அடைக்கிற பிழைப்பு. மழையில் நனைந்து வளைந்த பலகையை வீசி எறிந்தால் மேஸ்திரி வாய்க்கு யார் பதில் சொல்வது? சமதரையில் போட்டுப் பாரம் ஏற்றினால் அது தானாகப் படிந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு பலகைகூட அவரை ஏமாற்றியதில்லை. பிரிக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? அவர் பிரிக்கவில்லை. கீறல் விழாமலிருக்கத் துண்டை மடித்துப் போட்டு, மேலே நாலு செங்கல், அதன்மேல் சுத்தியலும் உளியும் கிடந்த ஆயுதப் பை. அப்படியும் படியவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினார்.

உள்ளே ஏதோ சீறியது. இனிப்பும் கசப்புமாக ஒரு நெடி. புகை வந்ததும் செங்கல்லைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். வாசல் தாண்டுவதற்குள் தீ பிடித்தது. கீழே போட்டபோது உள்ளங்கைத் தோலும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ஏஜென்சி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைகள் இரண்டும் கட்டுப் போட்டு மடியில் கிடந்தன.

"வலிக்கலைன்னா சொல்லுங்கப்பா. திட்டணும்."

"வலிக்குது."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கால்குலேட்டரைத் தட்டினார். "மெஷின் விலை முப்பத்தாறாயிரம். உங்க பாக்கியைக் கழிச்சா, நீங்கதான் எங்களுக்கு நாலாயிரத்துச் சொச்சம் தரணும். பெரியவர் கையைப் பார்த்தா கேக்க மனசு வரலை. சரிக்குச் சரி போட்டுக்குவோம்."

"சார், டைப் அடிச்சதுல ஒரு தப்பும் இல்ல. எரிச்சது நான்தான்."

"வேலையை யாரு பெரியவரே குறை சொன்னா? சார்ஜர் இருக்கில்ல?"

மகள் பையிலிருந்து சார்ஜரை எடுத்து, வயரைச் சுற்றி மேசைமேல் வைத்தாள். சூப்பர்வைசர் ஒரு தாளில் 'இரு தரப்பிலும் பாக்கி இல்லை' என்று எழுதி அவள் பக்கம் திருப்பினார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்தவள் கதவோரம் அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள்.

"அது வேணுமா சார்? வீட்டுச் சாமான் கட்டணும்."

"எடுத்துக்கம்மா. அதுக்குக் காசு வேணாம்."

அப்பா பழக்கத்தில் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் அவரை நகர்த்திவிட்டு, நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தானே தூக்கிக்கொண்டாள்.