டேஷ்போர்டில் விழுந்த ஓட்டை

1

அண்ணனுக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை கொட்டிய அந்த மாலையில், பழைய கார் ஒன்று..." மழையே பெய்யவில்லை. சும்மா ஒரு கெத்துக்கு எழுதியது, அடித்துவிட்டேன்.

2

அண்ணிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் மருந்து ஏற்ற அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதியில், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊசிக்குப் பயமில்லையாம். அவ்வளவு தூரமும் காருக்குள் பேச்சுமூச்சில்லாமல், அடுத்து வரப்போகும் குமட்டலையே நினைத்துக்கொண்டு போவதுதான் தாங்கவில்லையாம். ஒரு பாட்டாவது இருந்தால் தேவலை என்றார்.

(ஃபோனில் போடலாமே என்பீர்கள். அண்ணனின் கார் எங்கள் அப்பாவைவிட இரண்டு வயது இளையது. அந்த எஞ்சின் சத்தத்தில் ஃபோன் பாடினால் கொசு பாடுவதுபோல் இருக்கும்.)

3

இங்கே அண்ணன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். அந்தக் காரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட விடாத மனிதர். அதன் டேஷ்போர்டில் பழைய ரேடியோவுக்கான சின்னத் திறப்புதான் உண்டு. அண்ணிக்காக அவர் வாங்கிவந்த புது ஸ்டீரியோ அதில் நுழையாது. அறுக்க வேண்டும். அறுத்தால் அறுத்ததுதான். ஆகவே அவரை இரண்டு பக்கம் தயங்கவைத்து எழுதினேன். பொய். அவர் தயங்கவே இல்லை.

கார் எலக்ட்ரீஷியனுக்கு ஃப்யூஸ் என்று பட்டப்பெயர். டேஷ்போர்டைத் தொடாமல் சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார்.

"அவளால குனிய முடியாது. அவ கைக்கு எட்டுற இடத்துல வைங்க" என்றார் அண்ணன்.

4

ஆனால் அளவெடுக்க யாரையும் விடவில்லை. ஸ்டீரியோவின் முகத்தை டேஷ்போர்டில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். வெளிச் சட்டத்தையும் சேர்த்து! அந்தச் சட்டம்தானே ஓட்டையின் விளிம்பில் தங்கி நிற்க வேண்டும்? ஃப்யூஸ் எச்சரிக்க வாயெடுத்தார். கோடு எல்லாம் சரியாத்தான் இருக்கு, அறுங்க என்றார் அண்ணன். அறுத்தாயிற்று. அண்ணன் ஸ்டீரியோவைத் தன் கையாலேயே உள்ளே தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய் டேஷ்போர்டுக்குப் பின்னால் தொபுக்கென்று விழுந்தது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணி தையல் போட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். மருத்துவமனையிலிருந்து வந்தபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அந்த ஓட்டைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு ஃப்யூஸ் ஒரு தகடு வெட்டி ஒட்டுப்போட்டு ஸ்டீரியோவை நிறுத்தினார். அடுத்த முறை அண்ணி தானாகவே வந்து காரில் ஏறினார், தானே பாட்டையும் போட்டார். அண்ணன் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஒட்டுத் தகட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறார்.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அண்ணி முழுதாகக் குணமாகிறார். இன்னொன்றை எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன். மூன்றாவதில் கார் ஒரு வளைவில் திரும்பி...

அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"எனக்கு இன்னும் போயிட்டு வர வேண்டியது இருக்கு தம்பி. அதுக்குள்ள நீங்க என்னத்துக்கு முடிச்சு வைக்கிறீங்க?"