லினக்ஸில் ஒருவர்

"லினக்ஸுக்கு விடுறதெண்டா எனக்கு ஒரு ஆளக் காட்டுங்க விது. ஒரேயொரு ஆள்," என்றான் இஷாம். காட்டினால் என்ன பாடு படப்போகிறோம் என்று அந்த மனிதனுக்கு அப்போது தெரியாது.

மட்டக்களப்புப் பக்கம், பழுகாமத்தில் வாவிக்கரையோடு ஒட்டிய வீடு அது. அதன் முன்னறைதான் அவர்களுடைய கம்பனி: இரண்டு மேசை, மூன்று கணினி, தலையை ஆட்டிக்கொண்டே காற்றுத் தராத ஒரு ஃபேன். விதுர்ஷா வீட்டுக்காரி, வீடியோ கேமுக்கு நிரல் எழுதுகிறவள். இஷாம் காத்தான்குடியிலிருந்து தினமும் பட்டிருப்புப் பாலம் தாண்டி மோட்டார்சைக்கிளில் வந்து படம் வரைகிறவன். மூன்றாவது கூட்டாளியும் ஒருவன் இருந்தான், விதுர்ஷாவின் அண்ணன் சதீசன். பதினான்கு மாதங்களுக்கு முன்னர், மாரிக்கால மம்மல் பொழுதொன்றில், இருட்டுக் கட்டுகிற நேரம் தோணியில் போனவன் வரவேயில்லை. தோணி மட்டும் கவிழ்ந்தபடி கரையொதுங்கியது. உடல் கிடைக்காததால் முப்பத்தோராம் நாள் காரியம் செய்ய அம்மா இன்றுவரை விடவில்லை.

அவர்கள் செய்த கேமுக்கும் 'மம்மல்' என்றுதான் பெயர். விளையாடுகிறவர் வாவியில் தனியே தோணியில் இருப்பார். பொழுது சாயும். கரையிலிருந்து ஒரு பெண் குரல் "அண்ணோய்" என்று கூப்பிடும். உடனே பதில் சொல்லக் கூடாது. வாவியில் ஒரு தரமோ இரண்டு தரமோ கூப்பிடுவது எதுவாகவும் இருக்கலாம். மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் அது மனிதர். அதன் பிறகே குரல் கொடுத்துத் தோணியைத் திருப்ப வேண்டும். முந்திக்கொண்டால் கதை முடிந்தது. இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குமுன் பழக்குகிற பாடம் இது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு யார் பழக்கியிருக்கிறார்கள்? முதல் குரலுக்கே பாய்ந்து பதில் சொல்லி, தோற்று, அலறி, அந்த அலறலை வீடியோவாகவும் போட்டுப் பெருமைப்பட்டார்கள். விண்டோஸில் வெளியான ஆறு மாதத்தில் 'மம்மல்' நன்றாகவே ஓடியது.

இப்போது புதிய பதிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வெளியீட்டாளருக்குப் பதில் எழுத வேண்டும்: விண்டோஸ் மட்டுமா, மேக்கும் லினக்ஸும் சேர்த்தா?

இஷாமின் கட்சி உறுதியான கட்சி. "நூறு பேர் விளையாடினா தொண்ணூத்தஞ்சு பேர் விண்டோஸ். மேக்குக்குச் செய்யிறதெண்டா மேக் ஒண்டு வேணும். மட்டக்களப்புல மேக் வெச்சிரிக்கிறது கலியாணப் படம் எடுக்கிற ஆக்கள்தான், அவங்களும் வாசல்ல கஸ்டமருக்குக் காட்டத்தான் வெச்சிரிக்காங்க. லினக்ஸ்காரங்க விண்டோஸ் கேமையே எப்பிடியோ ஓடவெச்சிடுவாங்க. பிறகென்னத்துக்கு ஒவ்வொரு பிழையயும் மூணு தரம் திருத்தோணும்? நாம ரெண்டு பேர்."

எல்லாம் சரியான பேச்சு. ஒரு சொல்லைக்கூடத் தட்ட முடியாது. விதுர்ஷா தட்டவும் இல்லை. தன் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஆள் கேட்டீங்க. பாருங்க."

பிழை தேடுவதற்காகச் சதீசன் செய்து வைத்த பக்கம் அது. இணையத்தில் இருந்தபடி விளையாடுகிற ஒவ்வொருவருடைய தோணியும் எந்த இடத்தில் நிற்கிறது என்று புள்ளி புள்ளியாகக் காட்டும். சதீசன் கைபேசியும் கையுமாகத் தோணியில் சுற்றி உண்மையான வாவியை அளந்துதான் அந்த வரைபடத்தைக் கீறியிருந்தான். கரையும் கண்டல் பற்றையும் அச்சொட்டாக அப்படியே இருக்கும். விண்டோஸ் புள்ளிகள் மழைப் பூச்சிகளைப் போல மொய்த்துக் கிடந்தன. கீழே தனி வரியில் 'லினக்ஸ்: 1' என்றிருந்தது.

இஷாம் கண்ணைச் சுருக்கினான். "நாமதான் லினக்ஸுக்கு விடவே இல்லியே."

"விடல்ல. பதிப்பு எத்தினை எண்டு பாருங்க."

சுழியம் தசம் ஏழு. அந்தப் பதிப்பு கடைக்குப் போகவே இல்லை. அது ஒரேயொரு கணினியில்தான் இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்று லினக்ஸ் போட்டு வைத்திருந்தான் சதீசன். கள்ள விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரரோடு தெருவில் நின்று சண்டை பிடித்த ஆள் அவன். அந்த மாலை தண்ணீரின் சத்தத்தைப் பதிந்து வரப் போனபோது, அந்தக் கணினியையும் பொலித்தீன் பையில் சுற்றித் தோணியில் கொண்டுபோயிருந்தான். அதுவும் கிடைக்கவில்லை.



"ஆரோ கண்டெடுத்து வித்திரிப்பான்," என்றான் இஷாம். "வாங்கின ஆள் விளையாடுறான். அவ்வளவுதான்."

"ஒரு மாசமாப் பாக்கிறன். ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்கு வரும். நல்லா இருட்டின பிறகு போகும். ஒரு சாண் நகராது. விளையாடுற ஆள் நகராம இருப்பானா?"

இஷாம் எழுந்து வந்து வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். புள்ளி நின்றது அந்த வீட்டுக்கு நேர் எதிரே, கண்டல் பற்றைக்குச் சற்று வெளியே. பின்வாசலில் நின்று உரத்துக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"ரெண்டு குரலையும் கேட்டுட்டு மூண்டாவதுக்குப் பாத்துக்கொண்டிருக்கு," என்றாள் விதுர்ஷா. "இந்த ஊர் ஆள்தான் அப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கும். வேற ஆரெண்டாலும் இதுக்குள்ள பதில் சொல்லித் தோத்திருப்பாங்க. ஆனா அந்தப் பதிப்பில மூண்டாவது குரல் இல்ல."

கேமில் கூப்பிடுகிற குரல் அவளுடையது. முதல் இரண்டையும் சதீசன் இருந்தபோதே பதிந்தாயிற்று. மூன்றாவதைப் பதிந்து தா, பதிந்து தா என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். அவன் போன பிறகுதான் அழுத தொண்டையோடு அதைப் பதிந்தாள். அந்தக் கரகரப்பு உயிரை உலுக்குகிறது என்று விளையாடியவர்கள் பாராட்டி எழுதினார்கள். வாசித்த அன்று அவள் சாப்பிடவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்று இருந்தது. பதினான்கு மாதமாக மென்று விழுங்கியதை அவள் அன்று துப்பினாள்.

"இஷாம், அண்டைக்கு நான் பின்னால போய் அண்ணனைக் கூப்பிட்டனான். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ரெண்டு தரம் கூப்பிட்டன். அப்பதான் வெளியீட்டாளர்ர வீடியோ கோல் வந்தது, விண்டோஸ் வேலைக்கு. நீங்களும் லைன்ல இருந்தீங்க. நான் உள்ளுக்கு வந்திட்டன்."

"நீங்க எல்லாரிட்டயும் செல்லினீங்களே, தொண்டை கிழியக் கூப்பிட்டனெண்டு..."

"பொய். அம்மாட்டயும் பொய்தான் சொன்னன். ரெண்டு தரம்தான் கூப்பிட்டன்."

அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. சதீசன் பேய் பிசாசை நம்பி நடுங்குகிறவன் இல்லை. ஆனால் வாவியில் இருக்கிறபோது வாவியின் ஒழுங்கை மீறுகிறவனும் இல்லை. இரண்டு குரலைக் கேட்டுவிட்டுத் தங்கச்சி மூன்றாவதையும் கூப்பிடட்டும் என்று காற்று வரும்வரை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பான். இதை நினைத்து அவள் உறங்காத இரவுகளுக்குக் கணக்கில்லை. தன்னை அவள் ஒருநாளும் மன்னித்ததில்லை. அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததும் இல்லை.

"கேம் திறக்கிற நேரம் புதுப் பதிப்பு இருக்கா எண்டு தானாப் பாக்கும். அண்ணன் அப்பிடித்தான் எழுதி வெச்சான்," என்றாள். "லினக்ஸுக்கு விட்டமெண்டா அந்தக் கணினிக்கும் போகும். மூண்டாவது குரலும் போகும். அதுக்காகத்தான் கேக்கிறன். வேற ஒண்டுக்கும் இல்ல."

இஷாம் திரையிலிருந்து விலகி நின்றான். "இஞ்ச பாருங்க விது. மௌத்தான ஆளுக்காக துஆ கேக்கலாம். கூப்பிடக் கூடாது. வாறது ஆரெண்டு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு?"

"பாதியில விட்டது நான். நான்தான் முடிக்கோணும்."

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மோட்டார்சைக்கிள் உறுமுகிற சத்தம் கேட்டது. போனவன் போனவன்தான் என்று அவள் நினைத்தாள். உறுமல் நின்றது. திரும்பி வந்து ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"மேக்குக்கும் விடுவம். கலியாணப் படம் எடுக்கிற முனாஸ் நானாட ஸ்டூடியோவுல ஒண்டு இரிக்கி, ரெண்டு நாளைக்குக் கேக்கிறன். லினக்ஸுக்கு மட்டும் விட்டா ஏனெண்டு கேப்பாங்க. மூணுக்கும் விட்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

இப்படித்தான் 'மம்மல்' மூன்று வகைக் கணினிக்கும் வெளியாவது என்று முடிவாயிற்று. வெளியீட்டாளருக்கு எழுதிய கடிதத்தில் எல்லா ஆட்டக்காரர்களையும் சமமாக மதிக்க வேண்டும் என்றெல்லாம் இஷாம் அழகழகாக எழுதினான். நல்ல வாதம்தான். அங்கே அதை மெச்சினார்களாம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அம்மா களுதாவளைப் பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்தார். ஐந்தே முக்காலுக்கு மேக் பதிப்பும் லினக்ஸ் பதிப்பும் இணையத்தில் ஏறி முடிந்தன. பழுகாமத்தில் சூரியன் வட்டைப் பக்கமாக, வயல்களுக்குப் பின்னால் விழும். அதனால் வானம் வெளிச்சமாக இருக்கும்போதே வாவி கறுத்துப்போகும். பின்கதவு திறந்திருந்தது. சாத்தலாமா என்று இஷாம் கேட்டான். வேண்டாம் என்றாள்.

ஆறு பத்துக்குப் புள்ளி வந்தது. அதே இடம். பதிப்பு எண்ணில் சுழியம் தசம் ஏழு. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் மறைந்தது. புள்ளியும் மறைந்தது. ஒரு நிமிடம் கழித்துப் புள்ளி திரும்ப வந்தபோது, பக்கத்தில் புதிய எண் இருந்தது.

"எடுத்திட்டுது," என்றான் இஷாம்.

அந்தக் கணினியில் இந்நேரம் முதல் குரல் கேட்டிருக்கும். இரண்டாவது கேட்டிருக்கும். புள்ளி அசையவில்லை. விதுர்ஷா உதட்டுக்குள் எண்ணினாள். மூன்றாவது குரலுக்குரிய நேரம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தினாள்.

புள்ளி திரும்பியது.

மெதுவாக, களைத்த ஆள் துடுப்புப் போடுகிற வேகத்தில், கண்டல் பற்றையைச் சுற்றிக்கொண்டு கரையை நோக்கி வந்தது. வரைபடத்தில் அந்தக் கரை அவர்களுடைய பின்வளவு. வேலி, கிணறு, துணி காயப்போடுகிற கல் எல்லாவற்றையும் இஷாமே வரைந்திருந்தான். புள்ளி கல்லருகே வந்து நின்றது. பிறகு 'லினக்ஸ்: 0' என்றாகிவிட்டது.

"முடிஞ்சிது," என்றான் இஷாம். "வந்து சேர்ந்திட்டார். அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். நாம இனிக் கதவச் சாத்துவம்."

அவன் எழுந்து இரண்டடி வைத்திருப்பான். பின்வளவிலிருந்து, கல் இருக்கிற பக்கமாக, ஒரு குரல் வந்தது.

"விது!"

கணினியிலிருந்து வரவில்லை. எல்லா ஸ்பீக்கரும் அணைந்திருந்தன. தண்ணீர் குடித்த குரல். ஆனாலும் அண்ணனின் குரல். அவளை அப்படிச் சுருக்கிக் கூப்பிடத் தொடங்கியவனே அவன்தான். இஷாமும் கேட்டான். கேட்டதற்கு அடையாளமாக அவன் கை பறந்து வந்து அவள் தோளைப் பிடித்தது.

"பொறுங்க," என்றான், காதுக்குள் கெஞ்சுகிறவன் மாதிரி. "ஒண்டுதான். ஒண்டுதான் கூப்பிட்டிரிக்கி. மூணு வரட்டும் விது, உங்கட அண்ணன்ர சட்டம்தானே. மூணு வரட்டும்."

அவளுக்கு எல்லாம் தெரியும். ஒற்றைக் குரலுக்குப் பதில் சொன்னவர்களுக்கு என்ன ஆகும் என்று உலகம் முழுக்க விளையாடிப் பார்க்கிற கேமை எழுதியதே அவள்தான். கதவுக்கு வெளியே கல்லும் கிணறும் கறுப்பாகத் தெரிந்தன. கல்லுக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது நிற்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் காத்திருந்து பார் என்று இன்னொரு தரம் அவனை நிறுத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இஷாமின் கையைத் தோளிலிருந்து எடுத்து விட்டாள்.

"ஓம் அண்ணன்," என்று உரத்துச் சொன்னாள். "வாறன்."